டிரெய்லருக்கு வழிவிடுதல்

மணலிச் சாலைகள் என் நினைவில் இரண்டே அளவு வண்டிகளோடு இருக்கின்றன. ஒன்று மிகப் பெரியது. மற்றது மிகச் சிறியது. 1969இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஆலை கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தொடங்கியது. 1971இல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் (எம்.எஃப்.எல்.) உர உற்பத்தியில் இறங்கியது. அவற்றை ஒட்டிப் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வயலுக்கும் ஏரிக்கும் நடுவே போன சாலையில் டேங்கர் லாரி ஓடியது. அதே சாலையில் ஷிப்ட் விடும் நேரத்துக்குச் சைக்கிள்கள் கூட்டங்கூட்டமாக வரும். பிறகு சைக்கிள் இருந்த இடத்துக்கு பைக் வந்தது. டேங்கரோடு கன்டெய்னர் டிரெய்லரும் சேர்ந்துகொண்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் திறந்தது, 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது, அதன்பின் காட்டுப்பள்ளி வந்தது, மாதவரத்திலிருந்து விச்சூர்வரை யார்டுகள் முளைத்தன. எல்லாப் பாரமும் இந்தச் சாலைகளின் மேல்தான் வந்து இறங்கியது. 2011இல் மணலி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும், சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு தரப்பும் அப்படியேதான் இருக்கின்றன.

எல்லோரும் காரில் போகும் பகுதியில் சாலை மரியாதை என்பது ஏறக்குறையச் சமமானவர்களுக்குள் நடப்பது. மணலியில், சரக்கோடு சேர்த்து 55 டன் வரை எடை போகக்கூடிய டிரெய்லருக்கும், ஆளோடு சேர்த்து 200 கிலோ வரும் பைக்குக்கும் நடுவே அது நடந்தாக வேண்டும். நல்ல மனம் உள்ளவர் காட்டும் தயவாக மட்டும் அதை விட்டுவைத்தால் இங்கே போதாது. எதிரில் இருப்பவருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, அவரால் எவ்வளவு தூரத்துக்குள் நிற்க முடியும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்கேற்ப ஓட்டுவதைத்தான் நான் மரியாதை என்கிறேன். அந்த அறிவு பைக்கிலும் ஆட்டோவிலும் காரிலும் போகிற நம்மிடம் குறைவாக இருக்கிறது. அதனால் டிரெய்லர் ஓட்டுநருக்குச் சேர வேண்டிய மரியாதை சேராமல் போகிறது என்பது என் வாதம். எங்கள் பகுதியில் பலருக்கு இதைக் கேட்கவே கசக்கும். அந்தக் கசப்புக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அந்த கேபினுக்குள்ளிருந்து என்ன தெரிகிறது என்று பார்ப்போம். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். பம்பரை ஒட்டி நிற்கும் பைக் முன்கண்ணாடியின் அடிவிளிம்புக்குக் கீழே போய்விடுகிறது. இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கும் பைக்கும் தெரியாது. கன்டெய்னரை ஒட்டி ஓடிவரும் பைக் பக்கக் கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்து மறைந்துவிடும். எம்.எஃப்.எல். சந்திப்பிலோ ஆண்டார்குப்பம் செக்போஸ்ட் அருகிலோ சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பைக்குகள் போய் நிற்பது சரியாக இந்த மூன்று இடங்களில்தான். திருப்பத்தில் ஆபத்து இன்னும் அதிகம். நாற்பது அடி கன்டெய்னரை ஏற்றிய டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக, ஓரக்கல்லை ஒட்டி அறுத்துக்கொண்டு வரும். அதனால் ஓட்டுநர் முதலில் வலப்பக்கம் ஒதுங்கி, இடம் எடுத்துக்கொண்டுதான் திருப்புவார். பின்னால் வருகிறவர்களின் கண்ணுக்கு இடப்பக்கம் வழி திறந்ததுபோல இருக்கும். அதில் ஒரு பைக் நுழையும். சில விநாடிகளில் அந்த வழியே இருக்காது. முன்பெல்லாம் இடப்பக்க சீட்டில் கிளீனர் இருந்தார். கதவைத் தட்டி ஓட்டுநருக்குச் சொல்வார், கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவரை நிறுத்துவார். லாரியின் இடப்பக்கத்துக் கண் அவர்தான். இன்று பல டிரெய்லர்களில் அந்த சீட்டில் ஆள் கிடையாது. வாடகையும் டீசலும் போக மிஞ்சுவதில் இரண்டாவது கூலி கட்டுப்படியாகவில்லை என்பதால் எடுத்துவிட்டார்கள். அந்தக் கண் போனது சாலையில் போகிற நமக்கு யாரும் அறிவிக்காமலே நடந்துவிட்டது.

நிற்கும் தூரம் இன்னொரு விஷயம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆனால் 25 மீட்டர் போயிருக்கும். வேகம் குறையத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். கனரக வண்டியின் ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் கடைசிச் சக்கரம்வரை போய்ச் சேர இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். டேங்கராக இருந்தால் உள்ளே இருக்கும் திரவமும் சேர்ந்து அசைகிறது. முழுதாக நிரம்பாத அறைகளில் பிரேக் பிடித்ததும் அது முன்னால் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் ஏறும். டேங்கர்கள் கவிழ்வதில் இதற்கும் பங்குண்டு. ஆகவே பக்குவமான ஓட்டுநர் தனக்கு முன்னால் நீளமாக இடைவெளி விட்டு ஓட்டுகிறார். நாம் அதைப் பார்த்ததும் காலி இடம் என்று நினைத்து உள்ளே புகுகிறோம். அவர் மறுபடி வேகத்தைக் குறைத்து இடைவெளி உண்டாக்கினால் அடுத்தவர் புகுகிறார். முன்னால் போகிறவர்களின் உயிருக்காக அவர் ஒதுக்கி வைத்திருந்த இடம் அது. டேங்கரின் பின்புறப் பலகையில் ஓர் எண் எழுதியிருக்கும்: 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா. விபத்து நேர்ந்தால் தீயணைப்பு வீரர்கள் பார்ப்பதற்காக மோட்டார் வாகன விதிகள் எழுதச் சொன்னவை அவை. மணலியில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் படித்துவைத்திருக்க வேண்டிய எண்களும் அவைதான் என்பேன். எதன் பின்னால் போகிறோம் என்று தெரிந்தால் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கேபினில் இருப்பவருக்குப் பார்வையைப் போலவே நேரமும் குறைவாகத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு டிரெய்லர்கள் நின்ற ஆண்டுகளை வடசென்னையில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கும் மேலே, ஓட்டுநர்கள் அந்த வரிசையில் கிடந்தார்கள். கழிப்பறை கிடையாது, குளிக்க இடம் கிடையாது, தூங்கினால் வரிசை நகர்ந்துவிடும். துறைமுகத்துக்குள் போகும் வாசல்கள் குறைவு, சாலை ஒடுக்கம், சுங்கச் சோதனைத் தாமதம் என்று காரணங்கள் பல. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் விரைவுச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, மணலி ஆயில் ரிஃபைனரி சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி எல்லாம் சேர்ந்து சுமார் 30 கிலோமீட்டரை அகலப்படுத்தும் வேலை எடுக்கப்பட்டது. அது பல ஆண்டுகள் இழுத்தது. ஓட்டுநர்களில் பெரும்பாலானவர்களுக்கு டிரிப் கணக்கில்தான் பணம். வரிசையில் கழிந்த நாளுக்கு வருமானம் இல்லை. கேட்டைத் தாண்டி லோடோடு வெளியே வரும் ஒருவர் எந்த மனநிலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார் என்பதை ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டாம். அவருடைய ஒரு நிமிடத்தை நாம் பறிக்கும்போது அது ஏற்கெனவே பறிபோன ஒரு நாளின் மேல் போய்ச் சேர்கிறது. நம் ஹாரன் சத்தத்துக்கு அவர் பதில் சொல்லும் விதத்தில் அந்த நாளும் கலந்திருக்கும்.

இப்போது கசப்புக்கு வருகிறேன். மணலியிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் லாரிக்கு ஆள் பறிகொடுத்த குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் போய் டிரெய்லர் ஓட்டுநருக்கு மரியாதை காட்டுங்கள் என்று சொல்வது புண்ணில் கை வைப்பதாகும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே அதிகம் இது. இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் அந்த ஆண்டு இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். பெரிய வண்டி மோதினால் சிறிய வண்டிக்காரர்தான் சாகிறார் என்பதால், பொறுப்பின் பெரும்பங்கு பெரிய வண்டியின் மேல் விழுவதுதான் நியாயம். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு, உரிமமே இல்லாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. இரவில் விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் டிரெய்லரைச் சாலையோரம் விட்டுப் போவது கொலைக்குச் சமம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்கு ஓட்டுநரோடு வண்டியின் முதலாளியையும் பிடிக்க வேண்டும். இவற்றில் எதையும் மன்னிக்கச் சொல்லவில்லை. குற்றம் யாருடையது என்பது விபத்துக்குப் பிறகு நீதிமன்றம் கேட்கும் கேள்வி. நான் பேசும் மரியாதை விபத்துக்கு முன்னால் நடப்பது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒருவர் இருந்தால், மிக நல்ல ஓட்டுநராலும் அவரைக் காப்பாற்ற முடியாது. அந்த இடத்தை விட்டு விலகி நிற்க முடிந்தவர் பைக்கில் இருப்பவர் மட்டுமே. ஆள் பறிகொடுத்த வீடுகளின் துயரத்துக்கு நாம் செய்யக்கூடியது, அடுத்த வீட்டுக்கு அது நேராமல் பார்ப்பது. அதற்கான வழிகளில் ஒன்று நம் கையிலேயே இருக்கும்போது கோபத்தில் அதை விட்டுவிடக் கூடாது.

இன்னொரு மறுப்பு: இதெல்லாம் போலீசும் நெடுஞ்சாலைத் துறையும் செய்ய வேண்டிய வேலை, தனிமனிதர் வழிவிட்டு என்ன ஆகப் போகிறது என்பது. பாதி சரி. டிரெய்லர் நிறுத்த முறையான இடமும் பைக்குக்குத் தனிப் பாதையும் எரியும் தெருவிளக்கும் இல்லாத சாலையில் மக்களிடம் பொறுமையை மட்டும் கேட்பது அநியாயம். ஆனால் விதிகளுக்கும் மரியாதைக்கும் நடுவே இருக்கும் சுவர் நாம் நினைப்பதைவிட மெல்லியது. முதன்மைச் சாலை எது என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே எழுதியிருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாததால் அந்த முடிவு ஒவ்வொரு முறையும் யார் பெரிய வண்டி, யார் அதிகம் ஹாரன் அடிப்பவர் என்பதை வைத்து நடக்கிறது. மேலே சொன்ன நான்கு சாலைகளை அகலப்படுத்திய பிறகும் சந்திப்புகளில் சிக்கல் தீரவில்லை என்பதை அங்கே போய்வருகிறவர்கள் அறிவார்கள். அகலமான சாலை வேகத்தைத் தரும். சந்திப்பில் யார் முதலில் போவது என்பதை அதனால் சொல்லித்தர முடியாது.

வழிவிடுகிறவன் ஏமாளி, அவன் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான் என்பது சாலையில் நான் அதிகம் கேட்ட வாதம். இதைச் சொல்கிறவர்கள் தீயவர்கள் அல்லர். ஆபீசுக்கு நேரமாகிறது, அவ்வளவுதான். அனுபவத்தில் இது உண்மையாகவும் இருக்கிறது: ஒருவருக்கு வழிவிட்டால் அவர் பின்னால் வால் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் போகிறார்கள். இதற்கு ஜெர்மானியர்கள் ஒரு நல்ல தீர்வு கண்டிருக்கிறார்கள். இரண்டு தடம் ஒன்றாகக் குறுகும் இடத்தில், இந்தத் தடத்திலிருந்து ஒரு வண்டி, அந்தத் தடத்திலிருந்து ஒரு வண்டி என்று மாறி மாறிப் போக வேண்டும் என்று அவர்களுடைய சாலைச் சட்டமே சொல்கிறது. வழிவிடுவது ஒருமுறைதான், அடுத்த முறை தனக்கு வரும் என்று தெரிந்தால் யாரும் ஏமாளி ஆவதில்லை. நம் ஊரில் இது நடக்காது என்று சொல்வதற்கு முன்னால், நம் ஊரில் ஏற்கெனவே நடப்பவற்றைப் பார்க்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. அதன் சைரன் கேட்டால் நெரிசலான திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் வண்டிகள் ஓரம் ஒதுங்குகின்றன. ஒதுங்காவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மக்கள் ஒதுங்கினார்கள். திருவொற்றியூர் மாசித் தேர் நகரும்போது யாரும் ஹாரன் அடிப்பதில்லை. நடுத்தடுப்பு இல்லாத காலத்தில் பொன்னேரி நெடுஞ்சாலையில் இரவில் எதிர்வண்டிக்கு டிம் பண்ணுவது லாரிக்காரர்களிடையே எழுதாத கட்டளையாக இருந்தது. ஹெட்லைட்டின் மேல்பகுதியில் கருப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். எதிரே இருப்பவரின் தேவை கண்ணெதிரே தெளிவாகத் தெரிந்த இடத்திலெல்லாம் நம் மக்கள் வழிவிட்டிருக்கிறார்கள். டிரெய்லர் ஓட்டுநரின் தேவை நமக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அது எட்டடி உயரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

எனக்கே மிகவும் கனமாகப் படும் மறுப்பு வேறு. மரியாதையே ஆளைக் கொல்லும் என்பது அது. டிரெய்லர் ஓட்டுநர் இரக்கப்பட்டு நடுச்சாலையில் நிறுத்தி, குறுக்கே போகக் காத்திருக்கும் பைக்காரரிடம் போ என்று கை காட்டுகிறார். பைக்காரர் நம்பி நகர்கிறார். டிரெய்லரின் மறைவில், அடுத்த தடத்தில் வரும் வேனுக்கு அவர் தெரியாது. வேன் நிற்கவும் இல்லை. கை காட்டியவரின் மனம் நல்லதுதான். ஆனால் தன் தடத்துக்கு மட்டுமே பொறுப்பேற்க முடிந்த ஒருவர் முழுச்சாலைக்கும் உத்தரவாதம் கொடுத்துவிட்டார். சைகைகளிலும் இதே கோளாறு இருக்கிறது. முன்னால் போகும் லாரி வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால், எதிரில் வண்டி வருகிறது, முந்தாதே என்று சிலர் பொருள்கொள்கிறார்கள். வலப்பக்கமாக முந்திக்கொண்டு போ என்று வேறு சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையிலேயே வலப்பக்கம் திரும்புகிறவரும் அதே விளக்கைத்தான் போடுகிறார். ஹெட்லைட்டைச் சிமிட்டினால் நான் வருகிறேன், நீ நில் என்பது இங்கே வழக்கம். பிரிட்டனில் ஓட்டிப் பழகிய ஒருவர் அதை நீ போ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இத்தனைக்கும் அந்த நாட்டின் சாலைக் கையேடு, நான் இங்கே இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு எதற்கும் விளக்கைச் சிமிட்டாதே என்கிறது. இந்த மறுப்பு என் வாதத்தை முறிப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைத் திருத்தி உறுதியாக்குகிறது. விதிப்படி யாருக்கு முறையோ அவர் தயங்காமல் போவதும் மரியாதைதான். அடுத்தவர் ஊகிக்கக்கூடியபடி ஓட்டுவது, திரும்பும் முன்பே இண்டிகேட்டர் போடுவது, மற்றவருக்காக முடிவெடுக்காமல் இருப்பது ஆகியவற்றில் இருக்கும் அக்கறை, நடுரோட்டில் நிறுத்திக் கை காட்டுவதில் இருப்பதைவிட அதிகம்.

இந்தக் கடலோரப் பட்டைக்கு வண்டிகள் புதிதல்ல என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்தது, திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்தது, அங்கேயே எம்.ஆர்.எஃப். டயர் செய்தது. சாலையில் மோதிக்கொள்ளும் இரண்டு வண்டிகளையும் அவற்றின் டயரையும் தன் கையால் செய்து அனுப்பிய ஊர்கள் இவை. ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று வீட்டில் சொல்லித்தரக்கூடிய தகப்பன்மார் இங்கே ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். அந்த அறிவு ஆலை வாசலோடு நின்றுவிட்டது. இன்று பைக் ஓட்ட உரிமம் கேட்டுப் போகும் பிள்ளையை எட்டு போடச் சொல்கிறோம். பெரிய வண்டியின் எந்தப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதை எங்கேயும் காட்டித்தருவதில்லை.

லண்டன் போலீசார் சைக்கிள் ஓட்டுகிறவர்களை அழைத்து, நிறுத்திவைத்த லாரியின் ஓட்டுநர் சீட்டில் ஏற்றி உட்காரவைக்கும் ஒரு திட்டத்தை நடத்தியிருக்கிறார்கள். லாரியைச் சுற்றி நிற்கும் சைக்கிள்களில் எவை தெரிகின்றன, எவை தெரியவில்லை என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். லாரிக்காரர்களையும் அந்நகரம் சும்மா விடவில்லை. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை, ஓட்டுநருக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். தகுதி பெறாத லாரிக்கு 2021 மார்ச் முதல் அபராதம். இரண்டு தரப்புக்கும் வேலை கொடுத்த ஏற்பாடு அது. மணலியில் இதைச் செய்யப் பெரிய பணம் தேவையில்லை. டிரெய்லருக்கு இங்கே பஞ்சமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோடு இல்லாத வண்டி ஒன்றைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தலாம். பம்பருக்கு முன்னால் ஒன்று, இடப்பக்கக் கதவுக்குக் கீழே ஒன்று, கன்டெய்னரின் நடுப்பகுதியை ஒட்டி ஒன்று என்று மூன்று பைக்குகளை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக கேபினில் ஏறிப் பார்க்கச் சொல்லலாம். டிரெய்லரை மெதுவாக இடப்பக்கம் திருப்பிக் காட்டி, பின்சக்கரம் போகும் தடத்தைத் தரையில் சுண்ணாம்பால் குறிக்கலாம். ஓட்டுநரையும் பேசச் சொல்ல வேண்டும்: எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார், எங்கே தூங்குகிறார், பைக்காரர்களிடம் அவருக்கு எது பயம் என்று. அவர் பீகாரிலிருந்து வந்தவராக இருந்தால், ஆலைகளில் வெளிமாநிலத்தாரோடு வேலை பார்த்து இந்தி பழகியவர்கள் மணலியில் ஏராளமாக இருக்கிறார்கள், மொழிபெயர்த்துச் சொல்வார்கள். பிளஸ் டூ மாணவர்களிலிருந்து தொடங்கலாம். பதினெட்டு நிறைந்ததும் உரிமம் எடுத்துக்கொண்டு பொன்னேரி நெடுஞ்சாலையில் இறங்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.